சர்ச் டிரெஸ் போட்ட ஓபரா!

பிரார்த்தனையை நாடகம் மாதிரி பாடலாமா? 1874-ல ஆரம்பிச்ச சண்டை இது. அதுக்குப் பதில் வந்தது ஒரு சிறை முகாமிலிருந்து!

'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) பார்த்திருக்கீங்களா? 'ஜாங்கோ அன்செயின்ட்' (2012)? அதுவும் இல்லைன்னா, ஸ்கூல் பசங்களை ஒரு தீவுல விட்டு, ஒருத்தரை ஒருத்தர் கொல்லச் சொல்ற ஜப்பான் படம் 'பேட்டில் ராயல்' (2000)? இதுல ஏதாவது ஒண்ணைப் பார்த்திருந்தாலும் போதும்... அந்த இசை உங்க காதுல விழுந்திருக்கும்.

மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து 'டமார்... டமார்... டமார்... டமார்'னு நாலு அடி. உடனே வயலின்கள் மாடிப்படியில உருண்டு விழுற மாதிரி சரசரன்னு இறங்கும். நூத்துக்கணக்கான குரல்கள் ஒரே நேரத்துல அலறும். நடுவுல ஒரு ராட்சச டிரம், யாரும் எதிர்பார்க்காத இடத்துல வந்து நெஞ்சுல குத்தும்.

'ஏதோ பேய்ப் பட மியூசிக் போல'ன்னு நினைச்சிருப்பீங்க. இல்லைங்க. அது ஒரு பிரார்த்தனை! கத்தோலிக்க சர்ச்ல இறந்தவங்களுக்காகச் சொல்ற லத்தீன் திருப்பலி. பேரு 'ரெக்வியம்'. இந்த ரெக்வியத்துக்கு இசை அமைச்சவர் ஜுசெப்பே வெர்டி. வாழ்நாள் முழுக்க காதல், கொலை, பழிவாங்கல், துரோகம்னு ஓபராவா எழுதித் தள்ளின இத்தாலிக்காரர். அவர் சர்ச்சுக்குள்ள கால் வெச்சா என்ன ஆகும்? ரகளைதான் ஆகும்... ஆச்சு!

இந்தப் பக்கம் சர்ச்... அந்தப் பக்கம் ஸ்டேஜ்!

மேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்குவோம். சர்ச்ல பாடுற கோரஸுக்கும் ஓபராவுக்கும் என்ன வித்தியாசம்?

சர்ச் கோரஸ்ல 'நான்' கிடையாது. 40 பேர் பாடினாலும் ஒரே குரலா கேட்கணும். யாரோட குரலும் தனியா நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. கேட்கிறவங்க கவனம் பாடகர் மேல போகக் கூடாது, கடவுள் மேல போகணும். அதுதான் ரூல்.

ஓபரா அப்படியே உல்ட்டா. முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம் அது. அங்கே எல்லாமே 'நான்'தான். நான் காதலிக்கிறேன், நான் அழறேன், நான் சாகப் போறேன்... மைக் இல்லாம, ஒரே ஒரு தொண்டை பெரிய ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி கடைசி வரிசை வரைக்கும் போகணும். ஜனங்க நடுவுலேயே கை தட்டுவாங்க, 'ஒன்ஸ்மோர்' கேட்பாங்க.

இந்த ரெண்டும் அவ்வப்போது உரசிக்கிட்டே இருந்திருக்கு. ஹாண்டலோட 'மெஸையா' 1742-ல டப்ளின்ல அரங்கேறி, அடுத்த வருஷம் லண்டனுக்கு வந்தப்போ, 'பைபிள் வசனத்தைக் கூத்துக் கொட்டகையில பாடுறதா?'ன்னு பத்திரிகையில எதிர்ப்பு கிளம்புச்சு. ஹாண்டல் பண்ணது, பைபிளை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனது. வெர்டி பண்ணது அதுக்கு நேர் எதிர். தியேட்டரையே சர்ச்சுக்குள்ள கூட்டிட்டு வந்தார்!

13 பேர் சேர்ந்த குரூப் பிராஜெக்ட்!

கதை ஆரம்பிக்கிறது 1868 நவம்பர் 13. இத்தாலியின் பெரிய இசையமைப்பாளர் ரோஸ்ஸினி காலமானார். உடனே வெர்டி ஒரு ஐடியா கொடுத்தார். இத்தாலியோட முக்கியமான இசையமைப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பகுதியா ஒரு ரெக்வியம் எழுதணும். ரோஸ்ஸினியோட முதலாம் ஆண்டு நினைவு நாளில் பொலோன்யா நகரத்துல ஒரே ஒரு தடவை பாடணும். அப்புறம் சீல் வெச்சு பத்திரப்படுத்திடணும். யாருக்கும் காசு கிடையாது.

13 பேர் சேர்ந்தாங்க. எல்லாரும் எழுதியும் கொடுத்துட்டாங்க. கடைசிப் பகுதியான 'லிபெரா மே' வெர்டியோடது. 'என்னை விடுவி'ன்னு அர்த்தம்.

குரூப் பிராஜெக்ட்னா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லணுமா? கோரஸ் யார் தர்றது, ஆர்கெஸ்ட்ரா யார் தர்றதுன்னு இழுபறி. நினைவு நாளுக்கு சுமார் ஒரு வாரம் இருக்கும்போது நிகழ்ச்சி ரத்து! அந்த நோட்டுகள் எல்லாம் அலமாரிக்குள்ள போச்சு. முதல் தடவையா மேடையில ஒலிச்சது எப்போ தெரியுமா? 1988-ல, ஜெர்மனியில ஷ்டுட்கார்ட் நகரத்துல. கிட்டத்தட்ட 120 வருஷ அரியர்!

வெர்டிக்குக் கோபம். ஆனா, அந்த 'லிபெரா மே' மட்டும் அவர் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது.

1873 மே 22. இத்தாலியின் மிகப் பெரிய நாவலாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனி, 88 வயதில் மிலானில் இறந்தார். வெர்டிக்கு அவர் மேல அப்படி ஒரு பக்தி. நேர்ல சந்திச்சது 1868-ல ஒரே ஒரு தடவைதான். இறுதி ஊர்வலத்துக்குக்கூட வெர்டி போகலை. கூட்டம் எல்லாம் அடங்கினப்புறம் தனியா போய்க் கல்லறை முன்னாடி நின்னுட்டு வந்தார். அப்புறம் மிலான் நகரசபைக்குத் தகவல் அனுப்பினார். 'முதலாம் ஆண்டு நினைவுக்கு நான் ஒரு ரெக்வியம் எழுதித் தர்றேன். நோட்டு அச்சடிக்கிற செலவு என்னுது. நிகழ்ச்சிச் செலவு உங்களுது.' டீல் ஓகே ஆச்சு.

இந்தத் தடவை குரூப் எல்லாம் கிடையாது. சோலோ பிராஜெக்ட்!

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. வெர்டி பெரிய பக்திமான் இல்லை. அவர் மனைவி ஸ்ட்ரெப்போனியே ஒரு கடிதத்துல, 'நாத்திகர்னு சொல்ல மாட்டேன்... ஆனா பெரிய விசுவாசியும் இல்லை'ங்கிற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. ஆனா, சாவு அவருக்கு நல்லா அறிமுகமான ஆள். 1838-லிருந்து 1840-க்குள்ள, ரெண்டே வருஷத்துல, அவரோட ரெண்டு குழந்தைகளும் முதல் மனைவி மார்கரீத்தாவும் அடுத்தடுத்து இறந்து போனாங்க. அப்போ அவருக்கு வயசு 26. கடவுள்கிட்டே பேசத் தெரியாத ஒருத்தர், சாவை ரொம்பப் பக்கத்துல பார்த்த ஒருத்தர்... அவர் எழுதின பிரார்த்தனை இது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

திரைக்குப் பின்னால் பெண்கள்!

1874 மே 22. மிலானில் உள்ள சான் மார்கோ தேவாலயம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது வெர்டிதான். உள்ளே எதிரொலி எப்படி இருக்குன்னு செக் பண்ணி முடிவு பண்ணார். ஆர்கெஸ்ட்ராவில் சுமார் 100 பேர், கோரஸில் சுமார் 120 பேர். முன்னால நின்னு நடத்தினதும் வெர்டியேதான்.

பிரச்னை எங்கே வந்தது? பெண்கள்! அந்தக் காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டில் பெண்கள் பாடகர் குழுவில் நிற்க அனுமதி கிடையாது. உயர்ந்த ஸ்தாயிக்குச் சின்னப் பசங்களைத்தான் பாட வைப்பாங்க. வெர்டி எழுதினதோ பெண் குரல் இல்லாம நகரவே நகராது. பேராயரிடம் ஸ்பெஷல் பர்மிஷன் வாங்க வேண்டியிருந்தது. பர்மிஷன் கிடைச்சது... கண்டிஷனோட. பெண்கள் உடம்பு முழுக்க மூடுற கறுப்பு உடை போடணும். முகத்திரை போடணும். கண்ணுல படாம கிராதிக்குப் பின்னாடி நிக்கணும்!

அந்தப் பெண் குரல்களில் ரெண்டு பேர் யாருன்னு கேட்டா ஆச்சர்யப்படுவீங்க. சொப்ரானோ தெரேசா ஸ்டோல்ஸ். மெஸ்ஸோ சொப்ரானோ மரியா வால்ட்மன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, 1872-ல, மிலானின் லா ஸ்காலா ஓபரா ஹவுஸில் வெர்டியோட 'ஐடா' நடந்தப்போ, ஒரே ஆணுக்காக மோதிக்கிற அடிமைப் பெண்ணாகவும் இளவரசியாகவும் நடிச்சவங்க இவங்க ரெண்டு பேரும்தான்! மேடையில சண்டை போட்ட ரெண்டு ஹீரோயின்களும் இப்போ சர்ச்சுக்குள்ள பக்கத்துல பக்கத்துல நின்னு பாவ மன்னிப்பு கேட்டுப் பாடுறாங்க. 'தியேட்டர் ஆளுங்க சர்ச்சுக்குள்ள வந்துட்டாங்க'ன்னு யாராவது முணுமுணுத்திருந்தா, அது பொய்யில்லையே!

சர்ச்சுக்குள்ள கை தட்டக் கூடாது. அதனால எல்லாரும் அமைதியா கேட்டுட்டுக் கலைஞ்சாங்க. மூணே நாள். மே 25 அன்று அதே ரெக்வியம், அதே குழு, அதே வெர்டி... லா ஸ்காலாவுக்கே போயாச்சு! அங்கேதான் கை தட்டலாமே? அரங்கம் அதிர்ந்தது. சில பகுதிகளுக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டு மறுபடி பாட வெச்சாங்க. இறந்தவருக்கான திருப்பலிக்கு ஒன்ஸ்மோர்! அடுத்த வருஷம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரல்களோட நடந்தது.

ப்யூலோ போட்ட சண்டை!

இப்ப என்ட்ரி கொடுக்கிறார் நம்ம வில்லன். பேரு ஹான்ஸ் ஃபான் ப்யூலோ. ஜெர்மனியின் டாப் கண்டக்டர், பியானோ கலைஞர். வாக்னரின் தீவிர ஆதரவாளர். (இவரோட மனைவி கோசிமா, இவரை விட்டுட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டதும் அதே வாக்னரைத்தான். ஆனா, அது வேற கதை!)

அந்த வாரம் ப்யூலோ மிலானில்தான் இருந்தார். ரெக்வியத்தைப் போய்க் கேட்கலை. நோட்டை மட்டும் ஒரு புரட்டு புரட்டிட்டு, ஜெர்மன் பத்திரிகையில எழுதிட்டார்... 'வெர்டியின் புதிய ஓபரா இது. என்ன, சர்ச் உடை போட்டிருக்கு, அவ்வளவுதான்!'

அந்த நக்கல் ஐரோப்பா முழுக்கப் பரவிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் இந்த இசையைப் பத்தி எழுதுற யாரும் அந்த வரியைத் தொடாம தாண்ட முடியாது. இதைப் படிச்சுட்டு இன்னொரு ஜெர்மன் ஜாம்பவான் பிராம்ஸ், நோட்டை வரவழைச்சு உட்கார்ந்து முழுசா படிச்சார். படிச்சு முடிச்சுட்டு அவர் சொன்னதன் சாரம்: 'ப்யூலோ தன்னைத்தானே கேலிக்கு ஆளாக்கிக்கிட்டார். இது ஒரு மேதையால மட்டும்தான் முடியும்.'

வெர்டி வீட்டிலிருந்தும் பதில் வந்தது. 'பக்தி பத்தலை, மொஸார்ட் மாதிரி இல்லை, அவர் மாதிரி இல்லை, இவர் மாதிரி இல்லை'ன்னு விமர்சனங்கள் வந்தப்போ ஸ்ட்ரெப்போனி ஒரு கடிதத்தில் போட்டு உடைச்சாங்க. 'வெர்டி, வெர்டி மாதிரிதான் எழுதணும். அந்த வார்த்தைகளை அவர் எப்படி உணர்றாரோ, அப்படித்தான் எழுத முடியும்.'

கிளைமாக்ஸ் என்ன தெரியுமா? 18 வருஷம் கழிச்சு, 1892-ல, ப்யூலோ ரெக்வியத்தை நேர்ல கேட்டார். அவ்வளவு நல்லாப் பாடின நிகழ்ச்சிகூட இல்லை அது. ஆனாலும், கண்ணுல தண்ணி வந்துடுச்சு மனுஷனுக்கு. வெர்டிக்கு மனம் உருகி மன்னிப்புக் கடிதம் எழுதினார். வெர்டி பதில் போட்டார்... 'உங்க மேல தப்பே இல்லை. யார் கண்டா, நீங்க முதல்ல சொன்னதுதான் சரியோ என்னவோ!' 78 வயசுலயும் குசும்பு!

காதுக்கு ஒரு ரூட் மேப்!

சரி, ப்யூலோ சொன்னதுல உண்மை எவ்வளவு? நாமே ஆபரேஷன் பண்ணிப் பார்த்துடுவோம். மொத்தம் ஏழு பகுதி, சுமார் ஒண்ணரை மணி நேரம். முக்கியமான ஸ்டாப்பிங் மட்டும் சொல்றேன்.

'டீயஸ் ஈரே': 'கோபத்தின் நாள்'. கடைசித் தீர்ப்பு நாளைப் பத்தின இடைக்கால லத்தீன் கவிதை. ஆரம்பத்துல சொன்னேனே, அந்த நாலு இடி இங்கேதான். பாஸ் டிரம் தோலை நல்லா இறுக்கிக் கட்டணும், அடி வறண்டு, ரொம்ப சத்தமா விழணும்னு வெர்டி நோட்டிலேயே குறிப்பு எழுதி வெச்சிருக்கார். ஆர்கெஸ்ட்ராவோட தாளத்துக்கு நடுவுல, இடம் மாறி விழுற அந்த அடிதான் நமக்கு வயித்தைக் கலக்குறது.

'டூபா மீரும்': இறந்தவங்களை எழுப்புற எக்காளம். வெர்டி இதுக்கு எட்டு ட்ரம்பெட் வெச்சார். நாலு மேடையில. மீதி நாலு தூரத்துல, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துல. முதல்ல இங்கே ஒண்ணு மெதுவா கூப்பிடும். எங்கிருந்தோ பதில் வரும். மறுபடி கூப்பிடும், மறுபடி பதில். கொஞ்சம் கொஞ்சமா நாலு பக்கமும் நெருங்கி, கடைசியில தப்பிக்க வழியே இல்லாத மாதிரி சூழ்ந்துக்கும். சரவுண்ட் சவுண்டை 1874-லேயே, ஒரு ஒயர் இல்லாம பண்ணியிருக்கார் மனுஷன்! திடீர்னு எல்லாம் நின்னுபோய், பேஸ் குரல் தனியா 'சாவு'ங்கிற லத்தீன் வார்த்தையை மூணு தடவை சொல்லும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மௌனம். அந்த மௌனம்தான் பயங்கரம்.

'லாக்ரிமோசா': 'கண்ணீரின் நாள்'. இங்கே ப்யூலோவுக்கு ஒரு மார்க் கொடுத்துதான் ஆகணும். ஏன்னா, இந்த மெட்டு நிஜமாவே ஓபராதான்! 1867-ல பாரிஸில் 'டான் கார்லோஸ்' அரங்கேறுறதுக்கு முன்னாடி, நேரம் ரொம்ப நீளுது, ஜனங்க கடைசி ரயிலைப் பிடிக்கணும்னு சில காட்சிகளை வெட்டினாங்க. அதுல ஒண்ணு, கொல்லப்பட்ட நண்பனோட உடம்புக்கு முன்னாடி அரசனும் மகனும் பாடுற புலம்பல். வெட்டின அந்த மெட்டை வெர்டி தூக்கிப் போடலை. ஏழு வருஷம் கழிச்சு இங்கே கொண்டு வந்தார். கேட்டுப் பாருங்க. ஒட்டுப் போட்ட மாதிரி எங்கேயாவது தெரியுதா? தெரியாது. பிணத்துக்கு முன்னாடி அழறவன் மேடையில அழுதா என்ன, சர்ச்ல அழுதா என்ன, அழுகை ஒண்ணுதானே!

'ஆக்னுஸ் தேயி': இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு அப்புறம், ரெண்டே ரெண்டு பெண் குரல்கள். எந்த வாத்தியமும் இல்லை. ஒரே மெட்டை, ஒருத்தர் மேல் ஸ்தாயியில, இன்னொருத்தர் கீழ் ஸ்தாயியில. அந்தப் பழைய போட்டிக்கார ஹீரோயின்கள் ஞாபகம் இருக்கா? அவங்களுக்காகவே எழுதினது. அலங்காரம் எதுவும் இல்லாம, பழைய சர்ச் பாட்டு மாதிரி அவ்வளவு எளிமை. 'வெர்டிக்கு ஓபரா மட்டும்தான் தெரியும்'னு சொல்றவங்களுக்கு இதைப் போட்டுக் காட்டுங்க.

'லிபெரா மே': 1869-ல எழுதி அலமாரிக்குள்ள போச்சே, அதேதான். அதைத் திருத்தி எழுதிக் கடைசியில வெச்சார். இங்கேதான் சர்ச்சும் ஓபராவும் நேருக்கு நேர் மோதிக்குது. சர்ச் சடங்குப்படி இது, இறந்தவருக்காக மத்தவங்க சொல்ற வேண்டுதல். வெர்டி அதை ஒரு தனிப் பெண்ணோட வாயில கொடுத்துட்டார். அவ முதல்ல பாடுறதுகூட இல்லை. ஒரே சுரத்துல, மூச்சு வாங்க, அவசர அவசரமா முணுமுணுக்கிறா. செத்தவருக்காக வேண்டுற மாதிரி இல்லை. 'அடுத்தது நான்தான்'னு புரிஞ்சுபோன ஒருத்தி நடுங்குற மாதிரி இருக்கும். 'டீயஸ் ஈரே' இடி மறுபடி வந்து அவளை அடிச்சுப் போடும். கோரஸ் பின்னாடி மலை மாதிரி எழும். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு மேலேயும் அவ குரல் தனியா போய் உச்சியைத் தொடும்.

அப்புறம்? வெற்றி முழக்கமா? ம்ஹூம். எல்லாம் அடங்கி, அவ மறுபடியும் அதே முணுமுணுப்புக்கு வந்துடுவா. 'என்னை விடுவி... என்னை விடுவி'. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. விடுதலை கிடைச்சதா இல்லையா? வெர்டி சொல்லலை!

சர்ச் கோரஸோட 'நாம்', ஓபராவோட 'நான்'. இந்த ரெண்டையும் ஒரே மேடையில நிறுத்தி, ஒண்ணு இன்னொண்ணை ஜெயிக்க விடாம முடிச்சிருக்கார். ப்யூலோ கவனிக்கத் தவறினது இதைத்தான்.

போப் போட்ட தடை!

வெர்டி 1901 ஜனவரி 27 அன்று இறந்தார். கிட்டத்தட்ட மூணு வருஷம் கழிச்சு, 1903 நவம்பர் 22 அன்று, போப் பத்தாம் பயஸ் சர்ச் இசை பத்தி ஓர் ஆணை போட்டார். போன நூற்றாண்டில் இத்தாலியில கொடி கட்டிப் பறந்த தியேட்டர் பாணி வழிபாட்டுக்கு ஆகவே ஆகாது. டிரம், ஜால்ரா, பியானோ வேண்டாம். பாடகர் குழுவில் பெண்கள் கூடாது. வெர்டி பேரை ஆணை சொல்லலைதான். ஆனா, லிஸ்ட்டைப் பாருங்க... அவரோட ரெக்வியத்தில் பியானோவும் ஜால்ராவும் தவிர எல்லாமே மாட்டிக்குது!

ஆணைக்குப் பின்னாடி ஒரு நியாயம் இல்லாம இல்லை. கும்பிட வந்த இடத்துல, பாடகரோட தொண்டையை ரசிச்சுக்கிட்டு உட்கார்ந்தா அது வழிபாடா? நியாயமான கேள்விதான். ஆனா, காலம் வேற கணக்குப் போட்டது. 1969-70 வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் 'டீயஸ் ஈரே' கவிதையே இறுதிச் சடங்குத் திருப்பலியிலிருந்து எடுக்கப்பட்டது. சர்ச் கைவிட்ட அந்த வார்த்தைகளை இன்னிக்கு கான்சர்ட் ஹால்கள்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கு. 1997 செப்டம்பர் 6, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இளவரசி டயானாவோட இறுதிச் சடங்கு. அங்கே பாடினதுல ஒண்ணு, வெர்டியோட 'லிபெரா மே'. திரைக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கச் சொன்ன பெண் குரல், உலகமே டி.வி-யில பார்த்துக்கிட்டு இருக்க, சர்ச்சுக்கு நடுவுல ஒலிச்சது!

ஒரே ஒரு நோட்டு... ஓர் உடைஞ்ச பியானோ!

இவ்வளவு நேரம் சொன்னது இசைப் பிரியர்களோட சண்டை. இப்ப சொல்லப் போறது வேற.

செக் நாட்டில் தெரெசின்னு ஒரு கோட்டை நகரம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அதை யூதர்களை அடைச்சு வைக்கிற முகாமா மாத்தினாங்க. சுமார் 1,40,000 பேர் அங்கே கொண்டு வரப்பட்டாங்க. சுமார் 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே இறந்தாங்க. சுமார் 88,000 பேர் ரயிலேற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் போன்ற கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டாங்க.

அங்கே கைதியா இருந்தவர் ரஃபேல் ஷெக்டர். பிராகில் கண்டக்டரா இருந்தவர். அவர் கையில் இருந்தது வெர்டி ரெக்வியத்தோட ஒரே ஒரு நோட்டு. பகல் முழுக்க அடிமை வேலை செஞ்சு களைச்சு வந்த சுமார் 150 பேருக்கு, பேஸ்மென்ட்டில், ஒரு பழைய பியானோவை வெச்சுக்கிட்டு, லத்தீன் வார்த்தைகளை ஒவ்வொரு வரியா வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். எல்லாரும் மனப்பாடமா பாடினாங்க.

முகாமுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 'யூதர்கள் நாம எதுக்கு கத்தோலிக்கப் பூசையைப் பாடணும்? நம்ம கிட்டே பாட்டு இல்லையா?' பெரியவங்க கேட்டதுல தப்பில்லை. ஷெக்டர் விடலை.

1943-ல முதல் நிகழ்ச்சி. அப்புறம் பாடினவங்களை ரயிலேத்தி அனுப்பினாங்க. ஷெக்டர் மறுபடி ஆள் சேர்த்தார். மறுபடி வரி வரியா சொல்லிக் கொடுத்தார். மறுபடி ரயில். மறுபடி ஆள். இப்படியே 16 நிகழ்ச்சிகள்.

1944 ஜூன் 23. செஞ்சிலுவைச் சங்கத்தின் குழு தெரெசினைப் பார்க்க வந்தது. 'இங்கே எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க'ன்னு காட்டுறதுக்காக நாஜிகள் சுவருக்கு வெள்ளை அடிச்சு, பூச்செடி நட்டு வெச்சிருந்தாங்க. கூட்டம் தெரியக் கூடாதுன்னு அதுக்கு முந்தின மாசமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியிருந்தாங்க. அந்த நாடகத்துல ஒரு காட்சியா ரெக்வியத்தையும் பாட வெச்சாங்க. 150 பேர் இருந்த கோரஸில் மிச்சம் இருந்தது சுமார் 60 பேர்.

நாஜிகளிடம் நேரா சொல்ல முடியாததை அவங்க முகத்தைப் பார்த்துப் பாடுவோம்னு ஷெக்டர் சொன்னதா, உயிர் பிழைச்சவங்க நினைவுகூர்ந்திருக்காங்க. 'டீயஸ் ஈரே' என்ன சொல்லுது? ஒரு நாள் வரும். நீதிபதி வந்து உட்காருவார். மறைச்சது எல்லாம் வெளியே வரும். எந்தக் குற்றமும் தண்டனை இல்லாம போகாது. பார்வையாளர் வரிசையில எஸ்.எஸ். அதிகாரிகள்!

அந்த வருஷம் அக்டோபரில் ஷெக்டரும் பாடகர்கள் பலரும் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டாங்க. போர் முடியற நேரத்தில், 1945-ல், கைதிகளை நடத்தியே கூட்டிப்போன மரண ஊர்வலம் ஒன்றில் ஷெக்டர் இறந்தார்.

இப்ப ப்யூலோவோட கேள்விக்கு வருவோம். இது பிரார்த்தனையா, ஓபராவா? தெரெசின்ல பாடினவங்களுக்கு இது கத்தோலிக்கப் பிரார்த்தனை இல்லை. அவங்க மதமே வேற. வெறும் பொழுதுபோக்கு மேடையும் இல்லை. 'நான்' பயப்படுறேன்னு சொல்ல அவங்களுக்கு ஓபராவோட குரல் தேவைப்பட்டது. 'நாம்' இன்னும் இருக்கோம்னு சொல்ல சர்ச் கோரஸோட பலம் தேவைப்பட்டது. ரெண்டுல எது ஒண்ணு குறைஞ்சிருந்தாலும், அந்தப் பேஸ்மென்ட்டில் இந்த இசை அவ்வளவு பேரைத் தாங்கியிருக்குமா, சொல்லுங்க?

அடுத்து என்ன பண்ணலாம்?

முழுசா பார்க்க ஆசைப்பட்டா, ரெண்டு வீடியோ சஜஷன். ஒண்ணு, 1967-ல லா ஸ்காலாவில் ஹெர்பர்ட் ஃபான் கராயன் நடத்தினது. லியோண்டின் பிரைஸ் பாடுறதைக் கேட்கலாம், கூடவே தாடி இல்லாத இளம் பவரோட்டியைப் பார்க்கலாம்! இன்னொண்ணு, 2001 ஜனவரியில் வெர்டி நினைவு நூற்றாண்டுக்காக பெர்லினில் கிளாடியோ அபாடோ நடத்தினது. புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு, எலும்பும் தோலுமா வந்து நின்னார் மனுஷன். 'டீயஸ் ஈரே'வுக்கு அவர் கை தூக்கும்போது முகத்தைக் கவனிங்க. நடிப்பு இல்லை அது.

ஒண்ணரை மணி நேரம் இல்லையா? பரவாயில்லை. நாளைக்கு பஸ்ல போகும்போது 'லிபெரா மே' மட்டும் கேளுங்க. சுமார் 13 நிமிஷம்தான். லத்தீன் தெரியணும்னு அவசியம் இல்லை. அந்தப் பெண் முணுமுணுக்கும்போது 'இவ யாருக்காக வேண்டுறா?'ன்னு மட்டும் யோசிங்க. செத்தவருக்காகவா, அவளுக்காகவா, நமக்காகவான்னு ஒரு சந்தேகம் வரும். வந்துடுச்சுன்னா போதும்... ப்யூலோ 18 வருஷம் எடுத்துக்கிட்டதை, நீங்க 13 நிமிஷத்துல பிடிச்சுட்டீங்க!